ஐம்பத்தொரு பொத்தான்கள்

அந்தத் தெருவில் ஏழு சலவைக் கடைகள் இருந்தன. ஏழு கடைக்கும் கிணறு ஒன்றுதான். தெருவின் பள்ளத்து முனையில் கிணறும் மோட்டார் அறையும். அங்கிருந்து கிளம்பும் குழாய் மேட்டில் ஏறிக்கொண்டே வந்து, ஒவ்வொரு கடைக்கும் ஒரு கிளை விட்டு, கடைசியில் ஏழாவது கடையின் தொட்டி மேல் மூச்சு வாங்கி நிற்கும். அந்த ஏழாவது கடை பாக்கெட் அக்காவுடையது.

அவளுக்கு அந்தப் பெயர் வந்த காரணம் ஊரறிந்தது. ஊறப்போடும் முன் சட்டைப் பையைத் துழாவிப் பார்ப்பது எல்லாக் கடையிலும் உள்ள வேலைதான். பேனா ஒன்று உள்ளே தங்கிவிட்டால் ஒரு தொட்டித் துணியும் நீலமாகிவிடும். ஆனால் பையில் கிடைத்ததை என்ன செய்வது என்பதில் அவளுக்கென்று ஒரு பிடிவாதம் இருந்தது. கசங்கிய பஸ் டிக்கெட்டாக இருந்தாலும் நீவிவிட்டு, மடித்த சட்டையின் மேல் வைத்து, "உங்க பையில இருந்துச்சு" என்று கொடுப்பாள். ஒரு தடவை பாதி தின்ற பிஸ்கட் ஒன்று கிடைத்தது. அதையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். சட்டைக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"பிஸ்கட்டைக் கூடவா?" என்று கேட்டான் அவள் கணவன். கடையில் இஸ்திரி அவன் பொறுப்பு. இஸ்திரிப் பெட்டி சூடாகும் நேரத்தில் அவளைக் கேலி செய்வதும் அவன் பொறுப்பு.

"அது அவருக்கு வேணுமா வேணாமான்னு நாம எப்படிங்க சொல்ல முடியும்?"

தினமும் காலையில் முதல் மூட்டையை அவிழ்க்கும் முன் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்வாள். 'கடவுளே, இன்னிக்கு அடுத்தவங்க பொருள் எதுவும் என் கையில தங்க வேண்டாம்.' அவ்வளவுதான் பிரார்த்தனை. நீளமாக வேண்டிக்கொள்ள அவளுக்கு வராது. அதற்குள் சோப்புத் தண்ணீர் ஆறிவிடும்.

அந்தப் பிரார்த்தனைக்குக் கட்டுப்படாதவை பொத்தான்கள் மட்டும்தான். எந்தச் சட்டையில் இருந்து உதிர்ந்தது என்று தெரிந்தால் உடனே தைத்துவிடுவாள். தெரியாவிட்டால் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு வைப்பாள், என்றைக்காவது யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று. பத்தொன்பது வருடத்தில் ஜாடி கழுத்துவரை நிறைந்திருந்தது.

இப்போது பிரச்சினை பொத்தான் இல்லை, தண்ணீர். இரண்டு மாதமாகக் கிணறு இறங்கிக்கொண்டே போனது. முதல் கடையில் குழாய் கொட்டும்போது ஏழாவது கடையில் அது இருமும். சில நாள் இருமக்கூடச் செய்யாது. அன்றைக்கெல்லாம் அவளும் கணவனும் வாளி தூக்கிக்கொண்டு தெருவின் பள்ளத்துக்கும் மேட்டுக்கும் நடப்பார்கள்.

முதல் கடை அவளுடைய சொந்த அண்ணனுடையது. மூன்று ஓட்டல்களின் படுக்கை விரிப்பும் மேசை விரிப்பும் அங்கேதான் வெளுக்கும். ஆறு பெரிய மிஷின். தெருவே அவரை 'ஓட்டல் அண்ணன்' என்றுதான் கூப்பிடும். அவர் கெட்டவர் இல்லை. மிஷின் சத்தத்தில் முப்பது வருடம் நின்றவர், அதனால் மற்றவர் பேசுவது பாதிதான் காதில் விழும். அந்தப் பாதியையும் தனக்குச் சாதகமாகவே கேட்பார்.

"அவனவன் கடைக்குள்ள ஆழமா ஒரு போர் போட்டுக்கிட்டா தீந்துச்சு. தண்ணியில்லாம எங்க போயிடும்? கீழ இருக்கு," என்பது அவர் கட்சி. கிணற்றை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள், அலசிய தண்ணீரை ஊறப்போட வைத்துக்கொள்ளுங்கள் என்பது தண்ணீர் வாரியத்தின் யோசனை. இரண்டில் எது என்று தெருவே ஓட்டுப் போட்டுச் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைசி நாள் என்று வாரியம் கடிதம் போட்டிருந்தது.

போர் என்றால் ஏழாவது கடைக்குக் கதை முடிந்தது. அவள் கடைக்குக் கீழே இருப்பது முழுப் பாறை. போன வருடமே ஒருவர் வந்து துளைத்துப் பார்த்து, துளைப்பானின் முனை உடைந்து, தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொரு போர் போட்டு உறிஞ்சினால் பொதுக் கிணறு வற்றும். பாறை மேல் உட்கார்ந்திருக்கும் அவள் கடையைப் பூட்ட வேண்டியதுதான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவரவர் தொட்டியைப் பற்றிய கவலையில் அடுத்தவர் பாறை யாருக்கும் நினைவில் நிற்பதில்லை.

ஞாயிறு மத்தியானம் அண்ணன் கடையின் உலர்த்தும் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். மழைநாளில் துணி காய்வதற்காகக் கட்டிய நீளமான கூடம். மேலே கொடிகள், சுவரில் வரிசையாக மின்விசிறிகள். வாரியத்திலிருந்து வந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு பெரிய பை, முகத்தில் ஒரு பெரிய சிரிப்பு.

"பேச்சுக்கு முன்னாடி நாம ஒரு விளையாட்டு விளையாடப் போறோம்," என்றாள்.

"விளையாட்டா?" என்றார் மூன்றாவது கடைக்காரர். கோட்டு மட்டுமே வெளுப்பதால் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். "மேடம், எனக்கு மூட்டு வலி. ஓட்டம் கீட்டம்னா நான் நடுவரா இருந்துக்கிறேன்."

"உக்காந்தே ஆடலாம் அண்ணே."

"அப்ப சரி. உக்காந்து ஆடுறதுல எங்க தெருவை ஜெயிக்க ஆளில்ல."

மேடம் பையைத் திறந்தாள். முகம் மாறியது. கண்ணாடி மணிகள் கொண்டுவந்த டப்பாவின் மூடி பஸ்ஸிலேயே கழன்றிருந்தது. பையின் அடியில் பத்துப் பதினைந்து மணிகள்தான் மிச்சம். மற்றவை எந்தெந்தப் பயணியின் செருப்படியில் உருண்டுகொண்டிருந்தனவோ.

"எத்தனை வேணும் மேடம்?" என்று கேட்டாள் பாக்கெட் அக்கா.

"இருநூறு."

ஐந்து நிமிடத்தில் பொத்தான் ஜாடி கூடத்துக்கு வந்துவிட்டது. மேடம் இருநூறு எண்ணி எடுத்தாள். நூறை ஒரு வெள்ளைப் பேசினில் கொட்டி முக்காலி மேல் வைத்தாள். மீதி நூறைத் தன் டப்பாவில் வைத்துக்கொண்டாள். முக்காலிக்கு முன்னால் ஓர் ஓட்டல் விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டு மறைப்புக் கட்டினாள். ஆளுக்கொரு கிண்ணமும் கொஞ்சம் துண்டுச்சீட்டும் கொடுத்தாள்.

"இதான் உங்க கிணறு. ஒரு பொத்தான்னா ஒரு மூட்டை துணிக்கான தண்ணி. ஒரு சுத்துங்கிறது ஒரு மாசம். குழாய் போற வரிசையில ஒவ்வொரு கடையா மறைப்புக்குப் பின்னாடி போய் எடுத்துக்குங்க. பத்து வரைக்கும் எடுக்கலாம். எத்தனை எடுத்தீங்கன்னு சீட்டுல எழுதி இந்தப் பெட்டியில போட்டுடுங்க, ஆட்டம் முடிஞ்சுதான் பிரிப்பேன். சுத்து முடிஞ்சதும் பேசின்ல எவ்வளவு மிச்சமோ அதுல பாதியை நான் மழையா ஊத்துவேன். அஞ்சு சுத்து. கிண்ணத்துல அதிகம் வெச்சிருக்கிற கடைக்குப் பரிசு."

"என்ன பரிசு?" என்றாள் அண்ணி. ஓட்டல் அண்ணனின் மனைவி. கூடத்தின் நாற்காலிகளில் நல்லதாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

மேடம் கொஞ்சம் அசடு வழிந்தாள். "ஒரு பெட்டி சோப்பு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. "நல்ல வேளை, கிடைக்காத சாமானா பாத்துக் கொண்டுவந்தீங்க," என்றாள் அண்ணி.

"ரெண்டு விதிதான். ஒண்ணு, ஒருத்தருக்கொருத்தர் பேசக் கூடாது. ரெண்டு, எடுத்ததைத் திரும்பப் போடக் கூடாது. கிணத்துல இருந்து எடுத்த தண்ணி எடுத்ததுதானே?"

மேடம் இந்த விளையாட்டை இதற்கு முன் பதினோரு இடங்களில் நடத்தியிருந்தாள். ஒவ்வோர் இடத்திலும் பேசின் மூன்றாவது சுற்றிலேயே காலியாகும். காலிப் பேசினைப் பார்த்ததும் எல்லோர் முகமும் ஒரு மாதிரி ஆகும். அந்த முகங்களிடம்தான் அவள் பேச ஆரம்பிப்பாள்.

முதல் சுற்றில் பாக்கெட் அக்கா எட்டுப் பொத்தான் எடுத்தாள். எல்லோரும் கிண்ணம் நிறைய எடுத்து வந்ததைப் பார்த்துத் தானும் எடுத்துவிட்டாள். பேசினில் முப்பத்தெட்டு மிச்சம் என்று மேடம் பலகையில் எழுதினாள்.

கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவளுக்கு நிலைகொள்ளவில்லை. கிண்ணத்துக்குள் ஒரு பழுப்புக் கோட்டுப் பொத்தான், ஒரு முத்துப் பொத்தான், வாத்து வடிவத்தில் ஒரு குழந்தைச் சட்டைப் பொத்தான். தன் கடைக்கு மாதத்துக்கு அஞ்சு மூட்டை போதும். மிச்சம் மூன்று யாருடையது? அடுத்தவர் பொருள் மூன்று தன் மடியில் கிடப்பது போலவே இருந்தது. கை அரித்தது.

இரண்டாவது சுற்றில் மறைப்புக்குப் பின்னால் போனாள். அவள்தான் கடைசி. பேசினின் அடி தெரிந்தது. கை தன் பழக்கத்தில் வேலை செய்தது: அஞ்சு எடுத்தது, மூன்றைத் திரும்பப் போட்டது. சத்தம் கேட்காமலிருக்கப் பொத்தான்களை விளிம்பிலிருந்து சறுக்கவிட்டாள். சீட்டில் அஞ்சு என்று உண்மையைத்தான் எழுதினாள். சீட்டில் 'எடுத்தது' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. 'வைத்தது' என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் அதையும் நிரப்பியிருப்பாள்.

மேடம் பேசினை எண்ணினாள். புருவத்தை உயர்த்தினாள். மறுபடி எண்ணினாள். "இருபத்தாறு," என்று எழுதிவிட்டு மழை ஊற்றினாள்.

மூன்றாவது சுற்றிலும் அவள் மூன்றைப் போட்டாள். நான்காவதிலும் போட்டாள். பலகையில் இருபத்தொன்று, பத்தொன்பது. மேடம் ஒவ்வொரு தடவையும் இரண்டு தடவை எண்ணினாள். ஐந்தாவது சுற்று முடிந்தபோதும் பேசினில் பதினெட்டுப் பொத்தான் இருந்தது. மேடம் சுண்ணக்கட்டியைக் கையில் பிடித்தபடி, பரீட்சையில் கேள்வித்தாள் மாறி வந்துவிட்ட மாணவி போல நின்றாள்.

ஓட்டல் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"பாத்தீங்களா? அஞ்சு மாசம் ஆளாளுக்கு அள்ளினோம். வத்துச்சா? நான் ஒவ்வொரு தடவையும் பத்து எடுத்தேன், மறைக்க ஒண்ணுமில்ல. அப்பவும் இருக்கு. இதைத்தான் நானும் ரெண்டு மாசமாச் சொல்றேன். தண்ணி ஊறும். மேடமே கொண்டுவந்த விளையாட்டு, மேடமே எண்ணின கணக்கு. போருக்கு ஓட்டுப் போட்டுட்டு வீட்டுக்குப் போவோம்."

"அது என்னமோ வாஸ்தவம்," என்று யாரோ முனகினார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள். மேடம் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். பலகையில் அவள் கையெழுத்தே அவளுக்கு எதிராக நின்றது.

பாக்கெட் அக்கா பலகையைப் பார்த்தாள். தான் போட்ட பொத்தான்கள்தான் அண்ணனுக்குச் சாட்சி சொல்கின்றன. தன் கடைக்குப் பூட்டுப் போடப்போவது தன் கைதான். வாழ்நாளெல்லாம் அவள் நம்பி வந்தது ஒன்றே ஒன்று: சின்னதாக ஒரு நல்லது செய்தால் அது எங்கேயாவது போய் யாருக்காவது ஒரு நல்லதாக முளைக்கும். இன்றைக்கு அது பொய்யாக முளைத்திருந்தது. மறைத்துச் செய்ததால் அது நல்லது என்றே யாருக்கும் தெரியவில்லை. கிணறு தானாக ஊறியது போலத் தோன்றிவிட்டது.

எழுந்து உண்மையைச் சொல்லலாம். ஆனால் விதியை மீறியவள் என்றாகிவிடும். பாதி பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுத்துச் சம்பாதித்த பெயர், தெருவே பார்க்கப் போய்விடும். தோற்கப்போகிறோம் என்றதும் தங்கச்சி கதை கட்டுகிறாள் என்றுகூட அண்ணன் சொல்லலாம்.

"என்னம்மா, முகம் வெளுத்துக் கிடக்கு?" என்று பக்கத்திலிருந்த கணவன் மெல்லக் கேட்டான். "நம்ம கடையிலயே இவ்வளவு வெள்ளையா எதுவும் வெளுத்ததில்ல."

"ஏங்க, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்ன தப்பு?"

"திரும்பப் போட்டுட்டேன்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தைப் பார்த்தான். "நீ போடாம இருந்திருந்தாத்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்திருக்க வசதியாகக் கிண்ணத்தைத் தன் கையில் வாங்கிக்கொண்டான்.

அவள் எழுந்தாள். 'கடவுளே, அடுத்தவங்க பொருள் எதுவும் என் கையில தங்க வேண்டாம்' என்று ஒரு தடவை மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். மறைத்து வைத்திருக்கும் உண்மையும் அடுத்தவர் பொருள்தானே.

"மேடம், நான் ஆட்டத்துல ஏமாத்திட்டேன். ரெண்டாவது சுத்துல இருந்து ஒவ்வொரு சுத்துக்கும் பேசின்ல மூணு திரும்பப் போட்டேன். நாலு தடவை. மொத்தம் பன்னெண்டு. என்னாலதான் வத்தல. இந்தக் கணக்கை வெச்சு யாரும் ஓட்டுப் போட வேண்டாம்."



"பன்னெண்டா?" என்றார் அண்ணன். "பதினெட்டு மிச்சம் இருக்கும்மா. பன்னெண்டு போனாலும் ஆறு நிக்குது. அப்பவும் வத்தலதானே?"

மேடத்தின் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. சீட்டுப் பெட்டியைக் கவிழ்த்து, தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து கூட்டினாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி கூட்டினாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அக்கா, நீங்க பன்னெண்டுதான் போட்டீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"பன்னெண்டுதாம்மா. எண்ணித்தான் போட்டேன்."

"சீட்டுல எழுதினதைக் கூட்டினா பேசின் எப்பவோ காலியாகியிருக்கணும். ஐம்பத்தொரு பொத்தான் கூடுதலா இருக்கு. பன்னெண்டு உங்களுது. மீதி முப்பத்தொம்போது?"

கோட்டுக்காரர் மேலே கொடிகளைப் பார்த்தார். அவற்றில் அப்படி ரசிக்கும்படி ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"எட்டு என்னுது."

"நீங்களா?"

"என்ன மேடம் செய்றது? முப்பது வருஷமா கோட்டுப் பையில கிடைச்சதெல்லாம் திருப்பிக் குடுத்த கை. அதுவும் பொத்தானை வேற கொண்டாந்து வெச்சுட்டீங்க. மணியா இருந்தா ஒருவேளை வெச்சிருப்பேன்."

"பத்து எங்களுது," என்றாள் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இரண்டாவது கடைக்காரி. அதற்குப் பிறகு ஏழு என்று ஒரு குரல், ஒன்பது என்று ஒரு குரல். குழந்தைத் துணிக் கடைக்காரர் கடைசியாக, "அஞ்சு. வாத்துப் பொத்தான் ஒண்ணு வந்துச்சு, மனசு கேக்கல," என்றார்.

மேடம் விரல் விட்டுக் கூட்டினாள். முப்பத்தொன்பது சரியாக வந்தது. முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு எல்லோருக்கும் வந்தது. ஆறு கடைக்காரர்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே விரிப்புக்குப் பின்னால் ஒரே திருட்டுத்தனத்தைச் செய்திருக்கிறார்கள்.

அண்ணி கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க?"

"நான் எதுக்குப் போடணும்?" என்றார் அண்ணன். கை தன்னையறியாமல் சட்டைப் பைமேல் போய் நின்றது. "விளையாட்டுன்னா விதிப்படி ஆடணும்."

"அப்ப விதிப்படி இன்னொரு தடவை ஆடுவோம்," என்றாள் மேடம். "இந்தத் தடவை யாரும் திரும்பப் போட வேண்டாம். நிஜக் கிணத்துலயும் யாரும் போடறதில்லையே."

ஆடினார்கள். முதல் சுற்று முடிந்து முப்பத்தெட்டு. இரண்டாவது முடிந்து ஏழு. மேடம் மூன்று பொத்தானை மழையாக ஊற்றினாள். பேசினில் பத்து.

மூன்றாவது சுற்றில் வழக்கம்போல முதலில் ஓட்டல் அண்ணன் மறைப்புக்குப் பின்னால் போனார். குழாயில் அவர்தானே முதல். பேசினைப் பார்க்கக்கூட இல்லை. பத்தையும் அள்ளி வந்து உட்கார்ந்தார். அடுத்து ஆஸ்பத்திரிக் கடைக்காரி போனாள். காலிக் கிண்ணத்தோடு வந்தாள். கோட்டுக்காரர் போனார், கிண்ணத்தைக் கவிழ்த்துத் தொப்பி மாதிரி தலையில் வைத்துக்கொண்டு வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான்காவது ஆளுக்கும் சிரித்தார்கள். ஐந்தாவது ஆள் திரும்பி வந்தபோது சிரிப்பு குறைந்திருந்தது. ஆறாவது ஆளுக்கு யாரும் சிரிக்கவில்லை.

பேசினில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் பாக்கெட் அக்கா தன் முறைக்குப் போனாள். விதி அப்படி. வெள்ளைப் பேசின் வெள்ளையாக இருந்தது. இரண்டு மாதமாக ஒவ்வொரு காலையும் தன் தொட்டிக்குள் அவள் பார்த்த அதே வெறுமை. வெளியே வந்து, கிண்ணத்தை அண்ணன் பக்கம் காட்டாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். அவரைக் குத்திக்காட்டுவதாக ஆகிவிடக் கூடாது என்று நினைத்தாள்.

அந்தக் கவிழ்த்த கிண்ணத்தை அண்ணன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மிஷின்கள் ஓடாத நாள் என்பதால் அன்றைக்கு அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனால் கேட்க எதுவுமே இல்லை. யாரும் அவரை எதுவும் சொல்லவில்லை.

"நான் ஒண்ணு கேக்கலாமா மேடம்?" என்றாள் பாக்கெட் அக்கா. "திரும்பப் போடறதைத் தப்புன்னு விதி போட்டீங்க. அதையே எல்லாரும் பாக்கப் போடலாம்னு விதி போட்டா என்ன? இத்தனை எடுத்தேன், இத்தனை வெச்சேன்னு. நாங்க எல்லாரும் போடத்தான் செஞ்சோம். ஒளிச்சுப் போட்டதாலதான் குளறுபடி ஆயிடுச்சு."

மேடம் தன் நோட்டைத் திறந்து அதை எழுதிக்கொண்டாள். பிறகு கேட்டாள், "நிஜத் தண்ணியை எப்படித் திரும்பப் போடுவீங்க?"

"ஆஸ்பத்திரித் துணி கடைசி அலசல் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்," என்றாள் இரண்டாவது கடைக்காரி. "சாக்கடைக்குத்தான் விடறேன். யாராவது ஊறப்போட எடுத்துக்கலாம்."

"எனக்குக் குடுக்கா," என்றார் கோட்டுக்காரர். "டாக்டர் வாசனை அடிச்சா கோட்டுக்கு மரியாதை கூடும்."

அதற்குப் பிறகு மேடத்துக்கு வேலையே இல்லை. ஆளாளுக்குப் பேசினார்கள். யாருக்கு எந்த மணியிலிருந்து எந்த மணிவரை குழாய், யார் அலசல் தண்ணீர் யாருக்கு என்று பலகை நிரம்பியது. ஓட்டுக்கு நேரம் வந்ததும் மேடம், "முறை வைக்கிறதுக்குச் சம்மதம்னா கை தூக்குங்க, கடைக்கு ஒரு ஓட்டு," என்றாள்.

ஆறு கைகள் உயர்ந்தன. அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தார். சம்மதமில்லை என்றும் சொல்லவில்லை, சம்மதம் என்று சொல்ல வாயும் வரவில்லை.

அண்ணி கை தூக்கினாள்.

"அக்கா, கடைக்காரர்தான்…" என்று இழுத்தாள் மேடம்.

"கடை என் பேர்லதாம்மா இருக்கு," என்றாள் அண்ணி. "இவரு நம்ம கடையில வேலை பாக்குறாரு."

கூடம் அதிர்ந்தது. அண்ணனும் சுவரைப் பார்த்தபடியே சிரித்துவிட்டார். தோள் குலுங்கியதில் எல்லோருக்கும் தெரிந்தது.

சோப்புப் பெட்டியை யாருக்குக் கொடுப்பது என்று மேடம் தடுமாறினாள். கடைசியில் மோட்டார் அறை வாசலில் பொதுவாக வைத்துவிடலாம் என்று முடிவானது, கை கழுவிக்கொள்ள. பொத்தான்களை ஜாடிக்குத் திருப்பும்போது மேடம் வழக்கப்படி எண்ணினாள்.

"நூத்துத் தொண்ணூத்து நாலுதான் இருக்கு அக்கா. ஆறு குறையுது."

"விடுங்க மேடம். கூடத்துல எங்கயாவது உருண்டிருக்கும். வந்து சேரும்."

மறுநாள் காலை, முறைப்படி ஆறு மணி முதல் ஏழு மணிவரை ஏழாவது கடைக்குத் தண்ணீர். ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் வாசலில் அண்ணன் நின்றார். அவர் தன் மிஷின்களை விட்டுவிட்டு மேடேறி வந்து வருடக்கணக்காகிறது. மூச்சு வாங்கியது.

"வா அண்ணே. உக்காரு."

அவர் உட்காரவில்லை. சட்டைப் பைக்குள் கை விட்டு, எதையோ எடுத்து அவள் மேசைமேல் வைத்தார். ஆறு பொத்தான்கள்.

"பையில இருந்துச்சு," என்றார்.

அவள் பொத்தான்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"முதல் ஆட்டத்துலயே எடுத்து வெச்சேன்," என்றார் அவர், மேசையைப் பார்த்துக்கொண்டு. "ரெண்டாவது சுத்துல போட்டுடலாம்னுதான். மறைப்புக்குப் பின்னாடி போனா கை வரல. ஓட்டல் அண்ணனுக்கே பயம் வந்துடுச்சுன்னு யாராவது சொல்லிட்டா? அப்படியே பையிலயே இருந்துடுச்சு. இந்தச் சட்டையை உங்க அண்ணி ஊறப்போட எடுத்தா. பை பாக்குற பழக்கம் அவளுக்கும் இருக்கே."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சட்டையோட கையில திருப்பிக் குடுத்துட்டு, மேடேறி நடந்தா உடம்புக்கு நல்லதுன்னா."

உள்ளேயிருந்து கணவன் தலையை நீட்டினான். "மச்சான், பிஸ்கட் ஏதாவது இருந்துச்சா பையில?"

"போடா," என்றார் அண்ணன்.

பாக்கெட் அக்கா ஒவ்வொரு பொத்தானாக எடுத்து ஜாடிக்குள் போட்டாள். ஆறாவதை மட்டும் விரலில் நிறுத்தி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். வெள்ளைப் பொத்தான், நடுவில் நீல நூல் ஒரு துணுக்கு. பிறகு அண்ணன் சட்டையைப் பார்த்தாள். மேலிருந்து மூன்றாவது பொத்தானுக்குப் பதில் ஒரு குண்டூசி குத்தியிருந்தது. அதற்குப் பக்கத்துப் பொத்தான்களிலும் அதே நீல நூல்.

"அண்ணே, இது உன் சட்டையில இருந்தே உதிர்ந்ததுதான். பைக்குள்ள விழுந்து மத்ததோட சேந்துக்கிச்சு."

அவர் குனிந்து பார்த்தார். "அப்ப நான் கொண்டாந்தது அஞ்சுதானா?"

"அஞ்சு வந்துச்சு. இன்னும் ஒண்ணு உன்னோட கூடத்துல எங்கயோ இருக்கு. மெதுவா வரட்டும். நில்லு, இதைத் தெச்சு விடறேன்."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது கீழே மோட்டார் கிளம்பும் சத்தம் கேட்டது. குழாய் ஒரு தடவை இருமியது. இன்னொரு தடவை இருமியது. அண்ணன் நெஞ்சில் பாதி தைத்த பொத்தானோடு, கழுத்தைத் திருப்பிக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அசையாத அண்ணே, குத்திடும்," என்றாள் அவள்.

"வருதா பாரு," என்றார் அவர்.

வந்தது.